வாசலில் ஒரு ஜோடிச் செருப்பு

1

பிலோ ஆன்டியின் மகள் வருகிறாராம். கிறிஸ்துமஸுக்கு, பெர்த்திலிருந்து, கணவரையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு. நேற்றுக் காலை நான் ஆபீஸுக்குக் கிளம்பும்போது கேட்டுக்குப் பக்கத்தில் நின்று ரோஜாத் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே ஆன்டி இதைச் சொன்னார். என் முகத்தைப் பார்க்கவில்லை. தொட்டி நிரம்பி வழிந்து என் செருப்பை நனைத்தது. அதையும் பார்க்கவில்லை.

"டிக்கெட்டே எடுத்தாச்சாம் பா," என்றார்.

"நல்லதுதானே ஆன்டி," என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, எல்ஆர்டி ரயில் நிலையம் வரை வழியெல்லாம் 'அறை வாடகைக்கு' போர்டுகளையே பார்த்துக்கொண்டு நடந்தேன். நான் குடியிருப்பது அந்த மகளின் அறை. அதிலிருந்து என்னைக் காலி பண்ணச் சொன்னதும் அந்த மகள்தான். போன தீபாவளியன்று.

நான் கோலாலம்பூர் வந்து இரண்டு தீபாவளி போய்விட்டது. சேலத்திலிருந்து யார் போன் பண்ணினாலும், "அங்க எப்படிடா இருக்கு?" என்பார்கள். "நல்லா இருக்கு" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவேன். ஒரு வார்த்தையில் கேட்டால் ஒரு வார்த்தையில்தானே சொல்ல முடியும்? இப்போது அந்த அறை கையை விட்டுப் போகப்போகிறது என்று தெரிந்ததும், கொஞ்சம் நீளமாகச் சொல்லிவிடலாம் என்று தோன்றுகிறது.

2

என் தொழில் படம் வரைவது. விளம்பரப் படம் எடுப்பதற்கு முன்னால் காட்சிக்குக் காட்சி கட்டம் போட்டு வரைந்து காட்ட வேண்டும், ஸ்டோரிபோர்டு என்பார்கள். பங்சாரில் இருக்கிற ஒரு விளம்பர நிறுவனத்தில் வேலை. விசா, மெடிக்கல், கைரேகை, "இந்தப் பேப்பர் இல்ல, அந்தப் பேப்பர்" என்று குடிநுழைவு அலுவலகத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து, அங்கிருந்த காவலரே என்னைப் பார்த்துத் தலையசைக்கிற அளவுக்குப் பழகிவிட்டேன். அதெல்லாம் ஒரு கஷ்டமே இல்லை. ஒரு அறை கிடைப்பதுதான் கஷ்டம்.

போனில் பேசும்போது வீட்டுக்காரர்கள் எல்லாரும் தேன். என் தமிழைக் கேட்டதும், "தம்பி ஊர்க்காரரா?" என்பார்கள். ஊர் என்றால் இங்கே இந்தியா. "ஆமாங்க" என்றதும் குரல் இறங்கும்.

"எத்தன பேரு?"

"நான் ஒருத்தன்தாங்க."

"இப்படித்தான் தம்பி சொல்லுவாங்க. ஒரு ஆளுன்னு வருவாங்க, ஒரு மாசம் கழிச்சுப் பார்த்தா பத்துப் பேரு பாய் விரிச்சுப் படுத்திருப்பாங்க. ஃபேமிலிக்கு மட்டும்தான் தம்பி, சோரி."

கல்யாணம் ஆகாதது இவ்வளவு பெரிய குற்றம் என்று எனக்கு அதுவரை தெரியாது. அம்மாவிடம் இதைச் சொல்லிவிடக் கூடாது என்று மட்டும் உஷாராக இருந்தேன். சொன்னால் மறுநாளே வாட்ஸப்பில் பெண் போட்டோ வந்துவிடும்.

கடைசியில் கூட வேலை பார்க்கிற குமரன்தான் கைகொடுத்தான். பக்கத்து ஊரான கிள்ளான்காரன், எடிட்டர், இந்த ஊர் வழக்கப்படி பேச்சுக்குக் கடைசியில் 'லா' போடுகிறவன். அவன் அம்மாவும் பிலோ ஆன்டியும் ஒரே பள்ளிக்கூடத்தில் டீச்சர்களாக இருந்தவர்கள். முழுப்பெயர் பிலோமினா. கணவர் ரயில்வேயில் வேலை பார்த்தவர், காலமாகிவிட்டார். பிரிக்பீல்ட்ஸின் பின்பக்கம், புதுக் கட்டடங்களுக்கு நடுவே தப்பிப் பிழைத்த வரிசை வீடுகளில் ஒன்று அவருடையது. குமரனின் அம்மா சிபாரிசு செய்தும் ஆன்டி என்னை வாசலில் நிற்க வைத்துத்தான் பேசினார்.

"மேல ரூம் இருக்கு. கட்டில் இருக்கு. சிகரெட் கூடாது. ஆள் யாரும் வரக் கூடாது. ஒருத்தர் கூட. சரியா?"

"சரிங்க ஆன்டி."

"அங்க பாரு." கையைத் தூக்கிக் காட்டினார். கேட்டுக்கு நேர் மேலே ஒரு கேமரா. "என் மவ ஷெரில் பெர்த்லேருந்து பார்ப்பா. யாரு வந்தாலும் அவ போன்ல டிங்குன்னு அடிக்கும். வாசல்ல ஒன்னோட செருப்பு ஒரு ஜோடிதான் இருக்கணும்."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். முதல் மாதத்திலேயே தெரிந்துபோனது. புதிதாக ஒரு ஷூ வாங்கி, பழைய செருப்புக்குப் பக்கத்தில் கழற்றி விட்டுவிட்டு மேலே போயிருந்தேன். பத்து நிமிடத்தில் கீழே ஆன்டியின் குரல். "சரவணா, மேல யாரு ஒன்கூட?" பெர்த்திலிருந்து போன் வந்துவிட்டது. பெர்த்திலும் இங்கேயும் கடிகாரத்தில் ஒரே மணிதான். ஷெரிலுக்குத் தூக்கக் கணக்குப் பார்க்க வேண்டிய அவசியம்கூட இல்லை. அன்றிலிருந்து ஷூவை அறைக்குக் கொண்டுபோய்விடுவேன்.

கோபம் வரவில்லையா என்றால், வந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால், தனியாக இருக்கிற அம்மாவை விட்டுவிட்டுக் கடல் தாண்டி இருப்பவர் வேறு என்னதான் செய்வார்? நான் என் அம்மாவுக்குக் கேமரா மாட்டவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

3

இனி என் வாய்க்கொழுப்புக்கு வருகிறேன்.

இங்கே தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போதே எல்லா நிறுவனங்களும் பண்டிகை விளம்பரப் படம் எடுக்கும். போன வருடம் எங்களுக்கு வந்த கதையில், ஒரு தமிழர் வீட்டுத் தீபாவளிக்கு மலாய்க்காரர்கள், சீனர்கள், அக்கம்பக்கம், ஆபீஸ் என்று சகல ஜனமும் வந்து சாப்பிடுகிறார்கள். முதல் காட்சி வாசலில் கிடக்கிற செருப்புகள். நான் ஒரு பத்து ஜோடி வரைந்து, அழகாக வரிசையாக அடுக்கி வைத்தேன்.

எங்கள் புரொடியூசர் கக் ரோஸ் அதைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். கக் என்றால் மலாயில் அக்கா. வயதில் மூத்தவர், ஆபீஸே அவரை அப்படித்தான் கூப்பிடும். "இது என்ன, கோயிலில் டோக்கன் போட்ட செருப்பா? இன்னும் போடு. ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடக்கணும்," என்று ஆங்கிலத்தில் சொன்னார். சரி, சினிமாவில் மழை அடித்தால் ஊரே முழுகுகிற மாதிரி அடிக்குமே, அப்படி ஒரு மிகை என்று நினைத்துக்கொண்டு, ஒரு செருப்புக்கடையையே வரைந்து கொடுத்தேன்.

சேலத்தில் எங்கள் தீபாவளிக்கு வெளியாள் யாரும் வந்து நான் பார்த்ததில்லை. விடியற்காலை எண்ணெய்க் குளியல், புதுத்துணி, வெடி, டிவி. பக்கத்து வீட்டுக்குத் தட்டில் பலகாரம் போகும். அங்கிருந்து அதே தட்டில் பலகாரம் வரும். எல்லாம் வாசற்படியோடு சரி.

ஆனால் "வீட்டுக்கு வாங்க" என்று சொல்வதில் எங்கள் அப்பாவை மிஞ்ச ஆள் கிடையாது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர், மின்சார ஆபீஸ் கிளார்க், பல் டாக்டர் எல்லாரிடமும் விடைபெறும்போது, "அவசியம் ஒருநாள் வீட்டுக்கு வாங்க" என்பார். அவர்களும் "அதுக்கென்ன, வரோம்" என்பார்கள். எனக்கு விவரம் தெரிந்து ஒருவர்கூட வந்ததில்லை. வந்திருந்தால் அப்பாவே திடுக்கிட்டிருப்பார். அது ஒரு மரியாதை. வணக்கம் மாதிரி.

அந்த மரியாதையை நான் அப்படியே பெட்டியில் வைத்துக் கொண்டுவந்திருக்கிறேன். மதியச் சாப்பாட்டில் யாரோ, "சரவணன், தீபாவளிக்கு ஓப்பன் ஹவுஸ் உண்டா?" என்று கேட்டார்கள். எனக்கு அந்தச் சொல்லின் கனம் தெரியவில்லை. "அதுக்கென்ன, எல்லாரும் வீட்டுக்கு வாங்க!" என்று அப்பாவின் குரலிலேயே சொன்னேன். "எத்தனை மணிக்கு?" "எப்ப வேணாலும் வாங்க!" "வீடு எங்கே?" பெருமையாக லொகேஷனையும் ஆபீஸ் குரூப்பில் அனுப்பினேன். கட்டைவிரல்களும் விளக்குப் படங்களுமாகக் குரூப் நிரம்பி வழிந்தது. எவ்வளவு பண்பான மனிதர்கள் என்று சந்தோஷப்பட்டேன்.

பண்டிகைக்கு இரண்டு நாள் இருக்கும்போது குமரன் கேட்டான், "ப்ரோ, சாப்பாட்டுக்கு எங்க சொல்லியிருக்கே?"

"எந்தச் சாப்பாடு?"

"ஓப்பன் ஹவுஸுக்கு லா. கக் ரோஸ் அவங்க அம்மாவ வேற கூட்டிக்கிட்டு வராங்க. எங்கம்மாவும் கிள்ளான்லேருந்து வராங்க. முப்பது பேராச்சும் வருவாங்க ப்ரோ."

நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

"நெசமா வருவாங்களா?"

"பின்ன? வீட்டுக்கு வான்னு சொன்னா வரமாட்டாங்களா? ஒங்க ஊர்ல வரமாட்டாங்களா?"

நான் வரைந்து கொடுத்த செருப்புக் குவியல் அப்படியே கண் முன்னால் வந்து நின்றது. அதற்கு மேலே பெர்த் கேமரா.

4

அன்று சாயங்காலம் ஆன்டியிடம் போய் நின்றேன். அறை போய்விடும் என்பது உறுதி. இனி எந்தக் கதவைத் தட்டுவது, ஊருக்கு வெளியே செலாயாங்கா, செமினியா என்று மனம் அதற்குள் அலைய ஆரம்பித்துவிட்டது. நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். குரூப்பில் மன்னிப்புக் கேட்டு எல்லாவற்றையும் ரத்து செய்துவிடுவதாகவும் சொன்னேன்.

ஆன்டி நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

"ஒனக்கு மண்டைல மசாலா இருக்கா? முப்பது பேரா? என் வீட்லயா? ஷெரிலுக்குத் தெரிஞ்சா என்னைத்தான் மொதல்ல கத்துவா. ஒன்னைய வெச்சதுக்கே ரெண்டு வாரம் என்கூடப் பேசல அவ!"

"கேன்சல் பண்ணிடறேன் ஆன்டி. இப்பவே."

"கேன்சலா?" அந்தச் சொல் அவரை இன்னும் கொதிக்க வைத்தது. "ஓப்பன் ஹவுஸ்னு சொல்லிட்டு இல்லேங்குறதா? நாளைக்கு அந்த மலாய்க்காரம்மா என்ன நெனைக்கும்? நாம அவங்கள வேணாம்னு சொன்ன மாதிரி இருக்காது? இந்த வீட்டுக்கு அந்தக் கெட்ட பேரு வேணாம்."

அப்படியே மேலும் கீழும் நடந்தார். பிறகு அடுக்களையைப் பார்த்தார். என் விஷயத்தை விட்டுவிட்டு வேறொரு கவலை அவரைப் பிடித்துக்கொண்டதை முகத்திலேயே பார்த்தேன்.

"என் சட்டிபானை ஒண்ணும் ஆகாது. எல்லாத்துலயும் பன்னிக்கறி வெச்சிருக்கேன், மலாய்க்காரங்க தொட மாட்டாங்க. சைவக் கடைல சொல்லிடு. பேப்பர் தட்டு வாங்கு. முறுக்கு இல்லாம தீபாவளியா? சிவப்பு மூடி பிளாஸ்டிக் பாட்டில்ல போட்டு கடைல விப்பாங்களே, அது வாங்கு. நெய் உருண்டையும்." நின்றார். குரலைத் தாழ்த்தினார், கேமராவுக்குக் காதும் உண்டு என்பதைப் போல. "எல்லாரையும் பின்னால சந்து வழியா வரச் சொல்லு. செருப்பப் பின்னால கழட்டட்டும். முன்வாசல்ல ஒன் செருப்பு மட்டும்தான் இருக்கணும்."

"ஆன்டி…"

"சும்மா நிக்காத. இது முடிஞ்சதும் ஒன்னைய வெச்சுக்குறதா வேணாமான்னு நான் யோசிக்கிறேன்."

5

தீபாவளியன்று காலை அம்மாவுக்கு வீடியோ கால் போட்டேன். பின்னால் வெடிச்சத்தம். "தனியாவாடா இருக்கே? சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவே?" என்று கண் கலங்கினார். முப்பது பேர் வருகிறார்கள் என்றேன். நம்பவில்லை.

பதினொரு மணிக்கு மேல் ஆரம்பித்தது. என் ஆபீஸ் மொத்தமும் பட்டும் ஜரிகையுமாக உடுத்திக்கொண்டு, சாக்கடையைத் தாண்டி, குப்பைத் தொட்டிகளுக்கு நடுவே வரிசையாக வந்தது. வாழ்த்துச் சொல்லிவிட்டு எல்லாரும் ஒரு மாதிரி விழித்தார்கள். "எங்க வழக்கம், பின்வாசல்தான் ராசி," என்று குமரன் மானத்தைக் காப்பாற்றினான். அவன் அம்மா ஒரு பெரிய டின் முறுக்கோடு வந்து இறங்கி, ஆன்டியின் தோளைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடக் கதையை ஆரம்பித்துவிட்டார். இரண்டு டீச்சர்களின் சிரிப்பில் வீடே அதிர்ந்தது. ஆன்டி அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

அப்போது முன்பக்கம் ஒரு கார் வந்து நின்றது. கக் ரோஸ். கூடவே அவர் அம்மா, இரண்டு கையிலும் ஊன்றுகோல். நான் ஓடிப்போய்க் கேட்டுக்கு உள்ளே நின்றபடி, பின்பக்கம் சுற்றி வரலாமா என்று இழுத்தேன். கக் ரோஸ் தன் அம்மாவின் கால்களைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வெட்கத்தில் செத்துப்போனேன்.

பின்னாலேயே ஆன்டி வந்துவிட்டார். ஒரு நொடிதான் நின்றார். மேலே கேமராவை நிமிர்ந்து பார்த்தார்.

"நடக்க முடியாத மனுஷியைச் சாக்கடை ஓரமா வரச் சொல்றதா? என் வீட்டுக்கா?" என்று என்னைத் தள்ளிவிட்டுக் கேட்டை விரியத் திறந்தார். மலாயில் ஏதேதோ சொல்லி அந்த அம்மாவின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து நல்ல நாற்காலியில் உட்கார வைத்தார். பிறகு உள்ளே திரும்பி, வகுப்பறையில் போடுகிற சத்தத்தில் சொன்னார், "குமரா, எல்லாரோட செருப்பையும் எடுத்துட்டு வா. முன்னால போடு. ஓப்பன் ஹவுஸ்னா வாசலப் பார்த்தா தெரியணும்."

வாசலில் செருப்பு குவிந்தது. நான் வரைந்ததைவிடக் கொஞ்சம் அதிகமாகவே. ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தது. கக் ரோஸ் அதைக் காட்டி என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

பெர்த்திலிருந்து வீடியோ கால் வர அதிக நேரம் ஆகவில்லை.

ஆன்டி ஸ்பீக்கரில் போட்டுவிட்டு போனைத் தட்டுகளுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தார். பெர்த்திலிருந்து ஷெரில் கத்துவது வீடு முழுக்கக் கேட்டது. பாதி ஆங்கிலம், பாதி தமிழ். "மம்மி, யாரு இவங்க எல்லாம்? நான் சொன்னேனா இல்லியா? அந்த இந்தியா பையன் ஆள் சேர்ப்பான்னு சொன்னேனா இல்லியா? ஐ ஆம் சோ வொரிட்!" முப்பது பேரும் கையில் தட்டோடு அப்படியே நின்றார்கள். ஒருவரும் மெல்லக்கூட இல்லை. எனக்கு அந்தத் தரை பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது.

ஆன்டி போனை எடுத்துத் திருப்பி, அறையை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார்.

"பாரு. நல்லாப் பாரு. எல்லாரும் என் வீட்டுக்கு வந்தவங்க. ஒங்க டேடி இருந்தப்ப கிறிஸ்துமஸுக்கு இந்த ஹால் எப்படி இருக்கும், ஞாபகம் இருக்கா ஒனக்கு? நீதான் செருப்ப எல்லாம் ஜோடி ஜோடியா அடுக்கி வெப்பே."

அங்கே பின்னால் ஏதோ ஒரு பிள்ளை, "மம், இஸ் தட் நானா'ஸ் ஹவுஸ்?" என்று கேட்டது. நானா என்றால் அங்கே பாட்டி. அந்தப் பிள்ளைகளுக்குத் தமிழ் வராது என்று ஆன்டி முன்பே சொல்லியிருக்கிறார். சொல்லும்போது பெருமையா வருத்தமா என்று கண்டுபிடிக்க முடியாது.

ஷெரில், குரலை இறக்கி, ஆனால் விடாமல், "எனக்கு அதெல்லாம் தெரியாது மம்மி. அந்தப் பையனக் காலி பண்ணச் சொல்லுங்க," என்றார்.

"சொல்லலாம்," என்றார் ஆன்டி. "ஆனா நான் சொல்ல மாட்டேன். நீ சொல்லு. போன்ல இல்ல. நேர்ல வந்து, இந்த வாசல்ல நின்னு, அவன் மூஞ்சியப் பார்த்துச் சொல்லு. நீ வர்ற வரைக்கும் அவன் இங்கதான் இருப்பான்."

போனை வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு கக் ரோஸின் அம்மாவுக்கு இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றினார். "என்னா எல்லாரும் நிக்கிறீங்க? சாப்பிடுங்க லா!"

6

ஒரு வருடம் ஓடிவிட்டது. ஷெரில் வரவில்லை. எனவே நான் இருந்தேன். காலையில் ஆன்டி கேட்பார், "பசியாறிட்டியா?" எனக்கு முதலில் அந்தச் சொல்லே புதுசு, இப்போது அம்மாவிடமும் போனில் அப்படித்தான் கேட்கிறேன், அவர் சிரிக்கிறார். இந்த வருடத் தீபாவளிக்கும் ஓப்பன் ஹவுஸ் உண்டு என்று ஆன்டியே குமரனுக்குப் போன் போட்டுச் சொன்னார். முன்வாசல் வழியாகத்தான் எல்லாரும் வந்தார்கள். கேமரா பார்த்துக்கொண்டிருந்தது. பெர்த்திலிருந்து போன் வரவில்லை. போன் வராதது ஆன்டிக்கு என்னவோ போல இருந்தது. சாப்பாடு பரிமாறிக்கொண்டே இரண்டு மூன்று முறை போனை எடுத்துப் பார்த்தார்.

அறை பிழைத்ததில் எனக்கு நிம்மதிதான். பொய் சொல்வானேன்? ஆனால் அந்த நிம்மதி எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது என்று நினைத்தால் கஷ்டமாக இருக்கும். ஒரு மகள் வராமல் இருக்கிற வரைக்கும்தான் எனக்கு இடம். சேலத்தில் ஒரு அம்மாவும் "எப்படா வர்றே?" என்று கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார். "வேலை ஜாஸ்திம்மா" என்று நானும் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறேன். ஷெரிலைக் குறை சொல்ல எனக்கு வாய் ஏது?

நேற்று மாலை திரும்பி வந்ததும் ஆன்டியிடம் நானே சொன்னேன். "ஆன்டி, அவங்க வர்றதுக்கு முன்னாடியே நான் ரூமைக் காலி பண்ணிடறேன். பிள்ளைங்களுக்கு இடம் வேணும். கிள்ளான்ல குமரன் வீட்ல இருந்துக்குவேன்."

"ரூமைக் குடு," என்றார். "ஆனா கிறிஸ்துமஸ் அன்னிக்கு இங்க இருக்கணும். அவ ஒன் மூஞ்சியப் பார்த்துக் காலி பண்ணச் சொல்லணும்ல? அதுக்குத்தானே அவ்ளோ தூரத்துலேருந்து வரா." சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. கண்ணில் நீர் நின்றது. "சொல்லட்டும் பா. எத்தன வாட்டி வேணும்னாலும் வந்து சொல்லட்டும்."

"அதுக்கப்புறம் நான் ஊருக்கு ஒரு நடை போய்ட்டு வரேன் ஆன்டி," என்றேன். அதுவரை அப்படி ஒரு யோசனையே எனக்கு இருக்கவில்லை. சொன்ன பிறகுதான் முடிவு செய்துவிட்டேன் என்று தெரிந்தது.

இன்று காலை ஆபீஸுக்குக் கிளம்பினேன். ஷூவை மாட்டிக்கொண்டு, வாசலில் நடுவாகக் கிடந்த என் செருப்பை எடுத்துச் சுவர் ஓரமாகத் தள்ளி வைத்தேன். பெரியது இரண்டு ஜோடி, சின்னது இரண்டு ஜோடி தாராளமாக வைக்க இடம் இருந்தது. பெர்த்தில் இந்நேரம் டிங் என்று அடித்திருக்கும். நிமிர்ந்து கேமராவைப் பார்த்தேன்.

"வீட்டுக்கு வாங்க," என்றேன்.